தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

உ
தென்காசி
யுவ வருஷம் ஆனி 8 (22-6-1935)

சௌபாக்கியவதி சண்முகசுந்தரிக்கு மதினி முத்துவடிவு ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணாச்சியும் குழந்தை பிச்சுமணியும் உலகம்மன் புண்ணியத்தில் நலம். அங்கே நீயும் என் தம்பி குற்றாலிங்கமும் எப்படி இருக்கிறீர்கள்? தம்பிக்கு விட்டுவிட்டு வந்த காய்ச்சல் முற்றிலும் நின்றதா? உனக்கு மூன்று மாதம் என்று கேட்டதும் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். தோட்டத்து மேட்டில் ஏறி இறங்காதே.

தோட்டத்தில் காய்ச்சல் ஓயும்வரை இவன் இங்கே இருக்கட்டும் என்று மாசியில் நீ கொண்டுவந்து விட்டுப்போனாய். நாலு மாதத்தில் இந்த வீட்டில் ஒரு சாமான் வைத்த இடத்தில் இல்லை. நேற்று மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, நெல் குலுக்கையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். இறங்கவும் தெரியவில்லை, கூப்பிடவும் இல்லை. தொங்கியபடியே சிரிக்கிறான். கோயில் யானை தெருவில் வந்தால் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடும். என் பிள்ளை வெளியே ஓடுகிறது. போன வெள்ளிக்கிழமை யானைக்குப் பின்னாலேயே நாலு வீடு நடந்துவிட்டான். பாகன் திரும்பிப் பார்த்து, "ஏ ஆச்சி, இது ஒங்க வீட்டுச் சரக்கா? பின்னாலயே வருது!" என்று சத்தம் போட்டார். என் பிள்ளைதான் என்று சொல்லித் தூக்கிவந்தேன். யானை போன திசையைப் பார்த்து ஒரு மணி நேரம் அழுதான்.

முந்தாநாள் தொழுவத்துப் படலில் ஏறி விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, இரண்டு சொட்டு ரத்தம். மஞ்சள் வைத்தேன். அழவில்லை. விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நன்றாகப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறினான். நான் பக்கத்தில் நின்று ஏறவிட்டேன். விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்தத் தடவை விழவில்லை.

உன் முதல் இரண்டும் தங்காமல் போனதால், இவன் இந்த வீட்டில் பிறந்த அன்றைக்கே உன் சுளகில் ஒரு நாழித் தவிட்டைக் கொட்டி இவனை வாங்கினேன், நினைவிருக்கிறதா? தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன் சீண்டமாட்டான் என்று பிச்சுமணி என்று பெயரும் வைத்தோம். சுந்தரி, ஒரு நாழித் தவிட்டுக்கு என் பிள்ளை மாதிரி ஒன்று எந்தச் சந்தையில் கிடைக்கும், சொல்லு!

தம்பிக்கு என் ஆசி. பதில் போடு.

உன் மதினி
முத்துவடிவு

*

உ
பலாமலைத் தோட்டம், மாத்தளை
ஆனி 20

அன்புள்ள மதினிக்குச் சண்முகசுந்தரி நமஸ்காரம். உங்கள் தம்பிக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. எனக்கு வாந்தி மட்டும் இருக்கிறது. பிரசவம் ஆகும்வரை கப்பல் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு மூட்டு வலி தேவலையா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவன் குலுக்கையில் தொங்கினபோது வீட்டில் யார் இருந்தார்கள்? படலில் ஏறினபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எந்தக் கை முழங்கை? படலில் துருப்பிடித்த கம்பி ஏதாவது உண்டா? ஒரு தடவை விழுந்த பிள்ளையை மறுபடி ஏறவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேடிக்கைக்கு எழுதியதா, நிஜமா?

இன்னொன்று. கடிதத்தில் மூன்று இடத்தில் 'என் பிள்ளை' என்று இருக்கிறது. கைதவறி வந்திருக்கும். அவன் உங்களை என்னவென்று கூப்பிடுகிறான்? அதை எழுதவே இல்லையே.

குழந்தையை நிற்கவைத்து, உச்சியிலிருந்து குதிகால்வரை நூல் பிடித்து அறுத்து, கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். அடுத்தடுத்த கடிதங்களிலும் அப்படியே செய்யுங்கள். பிள்ளையைப் பார்க்க முடியாத குறைக்கு அந்த நூலையாவது தொட்டுப் பார்க்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

சுந்தரி

*

உ
குற்றாலம்
ஆடி 3

சிரஞ்சீவி சுந்தரிக்கு ஆசீர்வாதம். வாந்திக்கு நெல்லிக்காயை உப்பில் தொட்டு வாயில் அடக்கிக்கொள். சாரல் நன்றாக விழுவதால் உன் அண்ணாச்சி ஒரு மாதத்துக்கு இங்கே வீடு எடுத்திருக்கிறார். அருவியில் நின்றால் அவர் மூட்டு வலி போகிறதாம். தலை துவட்டும்போது திரும்ப வந்துவிடுகிறதாம்.

இடது முழங்கை. கம்பி இல்லை, வெறும் மூங்கில். ஏறவிட்டது நிஜம். நூல் இதோடு இருக்கிறது. ஒரு நிமிஷம் நிற்கவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

என்னை என்னவென்று கூப்பிடுகிறான் என்று கேட்டாய். 'அம்மா' என்றுதான். பசுவையும் அம்மா என்கிறான். பால்காரியையும் அம்மா என்கிறான். நேற்று உன் அண்ணாச்சியைப் பார்த்தும் அம்மா என்றான். உன் படத்தைக் காட்டினால் முத்தம் கொடுக்கிறான், சட்டத்தைக் கடிக்கவும் செய்கிறான்.

இங்கே வந்த முதல் நாளே ஒரு குரங்கோடு சண்டை. இவன் கையிலிருந்த வாழைப்பழத்தை அது பிடுங்கியது. இவன் போய் அதன் கையிலிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டான். குரங்கு திகைத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டது, பாவம்.

இதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் என் மனசு கேட்காது. நேற்றுக் காலையில் அருவிக்குப் போகும் பாதையில், ஈரத் துணியைப் பிழிகிற நேரத்துக்குள் ஆளைக் காணோம். அரை மணி நேரம். அருவிச் சத்தத்தில் நான் கூப்பிடுவது எனக்கே கேட்கவில்லை. உன் அண்ணாச்சி ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓடினேன். கடைசியில் பார்த்தால் பழக்கடை போட்டிருக்கும் சுல்தான் பீவியின் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். சட்டையெல்லாம் சிவப்பு. எனக்கு உயிரே இல்லை. கிட்டப் போனபின்தான் தெரிந்தது, அது மங்குஸ்தான் தோலின் சாயம். அந்த அம்மாள் என்னைத்தான் அதட்டினாள். "புள்ள ஒண்ணும் தொலஞ்சு போவல, ஆச்சி. நீங்கதான் தொலஞ்சு போனீக. அவன் இங்கன இருந்து ஒங்களயே பாத்துக்கிட்டு இருக்கான்!"

ராத்திரி அவனுக்குச் சுற்றிப் போட்டேன். அவன் தூங்கினான். நான் தூங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதினி
முத்துவடிவு

*

உ
பலாமலைத் தோட்டம்
ஆடி 18

மதினிக்கு நமஸ்காரம். எல்லோரும் சௌக்கியம். நான் சௌக்கியம் என்று எழுத முடியவில்லை.

அரை மணி நேரம் என் பிள்ளையைக் காணவில்லை என்று குரங்குக் கதைக்குப் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். அரை மணிதானா? யார் கடிகாரம் பார்த்தது? அந்தப் பழக்காரி யார், எந்த ஊர்? தெரியாதவள் கொடுத்ததையெல்லாம் தின்றானா? சிவப்பு என்பது மங்குஸ்தான் சாயம்தானே? வேறொன்றும் இல்லையே? எழுதாவிட்டால் மனசு கேட்காது என்று ஒன்றை எழுதினீர்கள். அப்படியானால் மனசு கேட்டு எழுதாமல் விட்டவை எத்தனை?

வாய் நிறைய அம்மா என்கிறான் என்பதும் தெரிந்தது. பசுவையும் அப்படிக் கூப்பிடுகிறான் என்று எனக்காகச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை.

இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் தோட்டத்து மருத்துவச்சி சொல்கிறாள், தவிட்டுக்கு விற்ற பிள்ளையை, அடுத்தது பிறக்குமுன் பெற்றவள் திரும்ப வாங்கிவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பது தங்காதாம். முறை என்றால் முறைதானே. இங்கே ஸ்டோரில் வேலை பார்க்கும் நம்பிராஜன் லீவில் சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகிறார். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நாழித் தவிடு கொடுப்பார். சுளகில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து அவன் முறைப்படி எங்கள் பிள்ளை. நான் வரும்வரை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவன் மேல் ஒரு கீறல் கூடாது, மதினி. ஒரே ஒரு கீறல்கூட.

அண்ணாச்சிக்கு நமஸ்காரம்.

சண்முகசுந்தரி

*

உ
தென்காசி
ஆவணி 14

சௌபாக்கியவதி சண்முகசுந்தரிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்.

நம்பிராஜன் வந்தார். தவிடு கிடைத்தது. சுளகில்தான் வாங்கினேன். பசுவுக்கு வைத்துவிட்டேன்.

உன் பிள்ளை சௌக்கியம். கீறல் ஒன்றும் இல்லை. ஆவணியில் வரும் பிறந்த நட்சத்திரத்துக்கு உன் பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுத்தோம். சிற்றாறுக்கோ, தேரடிக்கோ, வெளியே எங்கேயும் கொண்டுபோவதில்லை. உன் பிள்ளை இப்போது மிகவும் சமர்த்தாக இருக்கிறான்.

நூல் வைத்திருக்கிறேன்.

முத்துவடிவு

*

உ
பலாமலைத் தோட்டம்
ஆவணி 26

மதினிக்கு நமஸ்காரம். கடிதம் கிடைத்தது. உங்கள் தம்பி வாசித்துவிட்டு, "பார்த்தாயா, பையன் அடங்கிவிட்டான், இனி நிம்மதியாகத் தூங்கு" என்றார். நானும் ஒரு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலையில் மறுபடி எடுத்துப் படித்தேன். அவன் எதில் ஏறினான் என்று இல்லை. எதை உடைத்தான் என்று இல்லை. புதுச் சட்டையைக் கிழித்தானா என்று இல்லை. மூன்று இடத்தில் 'உன் பிள்ளை' என்று இருக்கிறது. நான் கேட்டதுதான், ஆனாலும் படிக்க நன்றாக இல்லை. நாலு பக்கம் எழுதுகிற நீங்கள் அரைப் பக்கத்தில் முடித்திருக்கிறீர்கள்.

சமர்த்து என்றால் என்ன, மதினி? அவனுக்கு அந்தக் குணம் எந்த நாளும் கிடையாதே. என் மூத்தது சாகுமுன் மூன்று நாள் சமர்த்தாக இருந்தது. விளையாட்டுக் காட்டினால் பார்த்துக்கொண்டே கிடக்கும். நான் அப்போது, அப்பாடா, இன்றைக்குத் தொந்தரவு இல்லை என்று நினைத்து அடுப்பு வேலையைப் பார்த்தேன்.

அவனுக்குக் காய்ச்சலா? விழுந்து கால் ஒடிந்துவிட்டதா? செங்கோட்டைப் பக்கம் எந்த வைத்தியரிடமாவது கட்டுப் போட்டிருக்கிறீர்களா? பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லக் கூடாது என்று மறைக்கிறீர்களா? எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

உடனே பதில் வேண்டும். ஒரு கார்டு போதும்.

சுந்தரி

*

பலாமலைத் தோட்டம்
புரட்டாசி 20

ஏட்டி சொக்கம்மா, நல்லா இருக்கிறாயா? உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரும் சுகந்தானே? பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இது நம் இருவருக்குள் இருக்கட்டும். எங்கள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

என் மதினி வீடு உன் தெருவுக்கு அடுத்த தெருதானே. ஒரு நாள் சும்மா போகிறவள்போல அங்கே போ. நான் எழுதினதாகச் சொல்லாதே. புளித்த மோர் வேண்டும் என்று கேள், உறை மோர் தீர்ந்துவிட்டது என்று சொல்லு. போய், பிச்சுமணியைக் கண்ணால் பார். தூங்குகிறான் என்று சொன்னால் விழிக்கும்வரை உட்கார்.

போன மாதம் நான் போட்ட கடிதத்துக்கு மூன்று வாரம் தாண்டியும் பதில் இல்லை. அதற்கு முன் வந்ததில் எல்லாம் வழவழவென்று இருந்தது. அதில் ஒரு நூல். ஆடியில் வந்த நூலையும் ஆவணியில் வந்த நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றரை மாதத்தில் ஒரு நெல் அளவு கூடவா வளராது? பழைய அளவுக்கே அறுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஏட்டி. அளந்து பார்க்கப் பிள்ளை இருந்தால் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்கிறார். அவருக்கு அக்காள் என்றால் தெய்வம். இருக்கிறானா, இல்லையா? நீ வேறொன்றும் எழுதாவிட்டாலும் அதை மட்டும் எழுது.

உன்
சுந்தரி

*

உ
தென்காசி
ஆனைப்பாலத் தெரு
ஐப்பசி 2

சுந்தரிக்கு. இருக்கிறான். முதல் வரியில் அதை எழுதிவிட்டேன், இனி மூச்சு விடு. காய்ச்சல் இல்லை, கை கால் ஒடியவில்லை, சதை போடாவிட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறான். நாங்களும் சுகம்.

நேற்று மோர்ச் சட்டியோடு போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பட்டப்பகலில் அந்த வீடு தாழ் போட்டு நான் பார்த்ததில்லை. முத்துவடிவு மதினி திறந்து, என் முகத்தைப் பார்த்து, சட்டியைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தாள். "ஒன் வீட்ல ரெண்டு மாடு நிக்கி. எங்கிட்ட மோரு கேக்க வாரியாக்கும்? யாரு அனுப்புனா ஒன்ன?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சட்டியைக் கீழே வைத்தேன். "சரி, வா. வந்து பாத்துக்கிட்டுப் போ" என்றாள்.

சுந்தரி, பட்டாசாலைக் கூடத்து நடுத் தூணில் பிள்ளையைக் கட்டிப் போட்டிருக்கிறாள். பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து முறுக்கின கயிறு. இடுப்பில் உறுத்தாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறாள். வாசல்படிக்கு ஒரு முழம் இருக்கும்போது கயிறு முடிந்துவிடும். பக்கத்திலேயே பாய் போட்டு அவளும் உட்கார்ந்திருக்கிறாள். கோயிலுக்குக்கூடப் போவதில்லை என்று பால்காரி சொன்னாள்.

நான் உள்ளே போனதும் பிள்ளை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் என்னிடம் தூக்கினான், அவிழ்த்துவிடச் சொல்லி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமாக இருந்திருக்காது. மதினி அவன் சட்டையைக் கழற்றி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். "ஒரு கீறல் இருக்கா? நல்லாப் பாத்துக்கோ. பாத்தத அப்படியே எளுது" என்றாள்.

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணெல்லாம் குழி விழுந்து கிடக்கிறது, ஏட்டி. சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சொக்கம்மாள்

*

பலாமலைத் தோட்டம்
ஐப்பசி 10

முத்துவடிவு மதினிக்கு.

சொக்கம்மாள் எழுதிவிட்டாள். நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

மாட்டைக் கட்டுவதுபோல என் பிள்ளையைத் தூணில் கட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் சமர்த்தா? இரண்டு மாதமாக அதை எனக்கு மறைத்து, பழைய நூலை அறுத்து அனுப்பி, அவனுக்குப் புதுச் சட்டை என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான் என்ன பாவம் செய்தேன்? உங்களை நம்பித்தானே கடல் தாண்டி வந்தேன்?

உங்கள் தம்பிக்கு இதைக் காட்டிவிட்டேன். அவர் படித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பெற்ற பிள்ளையாக இருந்தால் இப்படிக் கட்டிப்போடக் கை வருமா?

சண்முகசுந்தரி

*

உ
தென்காசி
ஐப்பசி 24

சுந்தரிக்கு ஆசீர்வாதம். ஏழு மாதம் முடிந்திருக்கும். கால் வீக்கம் இருந்தால் உப்பைக் குறை. எத்தனை கோபம் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு.

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

பெற்ற பிள்ளையாக இருந்தால் கட்டியிருப்பேனா என்று கேட்டாய். கட்டியிருக்கமாட்டேன். என் பிள்ளை என்று நினைத்தவரையில் நான் அவனைக் கட்டவில்லையே. ஏறினான், விட்டேன். விழுந்தான், தூக்கினேன். தனக்குச் சொந்தமான பிள்ளை விழுந்தால் ஒருத்தி மஞ்சள் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

நம்பிராஜன் வந்த அன்று பிள்ளை என் இடுப்பில் இருந்தான். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுளகை நீட்டினேன். அந்த மனுஷருக்கும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தவிட்டைக் கொட்டிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். பிள்ளை தவிட்டை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தான். அன்று சாயங்காலம் கிணற்றடியில் துவைக்கிற கல்லில் ஏறி நின்றான். அதற்கு முன் நூறு தடவை ஏறியிருக்கிறான். நானே கைதட்டியிருக்கிறேன். அன்று ஓடிப்போய் இறக்கிவிட்டேன். இவன் விழுந்தால் சுந்தரிக்கு என்ன எழுதுவேன் என்பதுதான் முதலில் மனசில் வந்தது. அடுத்தவர் பொருள், ஒப்படைத்திருக்கிறார்கள், ஒரு கீறல் கூடாது. அன்றைக்கே சேலையைக் கிழித்தேன்.

நூல் விஷயமும் சொல்லிவிடுகிறேன். கட்டின பிறகு அவன் அளக்க நிற்கவில்லை. தூக்கி நிறுத்தினால் காலை மடக்கி உட்கார்ந்துவிடுகிறான். குறைவாக இருந்தால் கேட்பாய், கூடுதலாக இருந்தால் வேறு பிள்ளையா என்பாய் என்று பயந்து, ஆடியில் அறுத்ததன் மிச்ச நூலில் அதே அளவை வைத்தேன். அது பொய்தான்.

நீ கேட்டபடி ஒரு கீறலும் இல்லை. ஆனால் யானை மணி கேட்டால் இப்போது அவன் தலையைத் திருப்புவதில்லை. இதை யாரிடம் சொல்வேன்? உன் அண்ணாச்சி என்னோடு பேசி இருபது நாளாகிறது.

வந்து அழைத்துக்கொண்டு போ. முடியாவிட்டால் ஆள் அனுப்பு. கட்டாமல் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை, சுந்தரி. அதை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

முத்துவடிவு

*

உ
பலாமலைத் தோட்டம்
கார்த்திகை 3

மதினி, உங்கள் காலைத் தொட்டு நமஸ்காரம் செய்கிறேன். கால் வீக்கம் இருக்கிறது. உப்பைக் குறைத்துவிட்டேன். வேறு சௌகரியக் குறைவு இல்லை.

உங்கள் கடிதத்தை நானும் உங்கள் தம்பியும் சேர்ந்து படித்தோம். அவர் அழுதார். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மருத்துவச்சி அப்படி ஒன்றும் சொல்லவில்லை, மதினி. பிள்ளையைத் திரும்ப வாங்க வேண்டும் என்று ஒரு முறையும் கிடையாது. நானே கட்டிச் சொன்னேன். அவன் உங்களை அம்மா என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. நான் வருவதற்குள் என் முகம் அவனுக்கு மறந்துவிடும், பிறகு நீங்கள் தரமாட்டீர்கள், ஊரும் தவிட்டுக்கு வாங்கினவள்தானே என்று உங்கள் பக்கம் பேசும் என்று நினைத்தேன். நேரே கேட்கத் தைரியம் இல்லாமல் தவிட்டை அனுப்பினேன்.

பொய் சொல்லி வாங்கின பிள்ளை எனக்குச் சொந்தமாகுமா? நம்பிராஜன் கொட்டின தவிடு பசுவுக்குப் போனதோடு சரி. அந்தக் கிரயம் செல்லாது. பிச்சுமணி உங்கள் பிள்ளை. நான் வந்த பிறகும் உங்கள் பிள்ளைதான். நாம் இரண்டு பேரும் அவனுக்குப் பின்னால் ஓடினாலும் கால் போதாது.

அவிழ்த்துவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், இப்போதே எழுந்து போய் அவிழ்த்துவிடுங்கள். ஏறட்டும். விழுந்தால் விழட்டும். எந்தக் கை, எந்தக் கால், யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டேனானால் அந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

அவன் மறுபடி ஏறினான் என்று மட்டும் என்றைக்காவது எழுதுங்கள். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள்
சுந்தரி

*

உ
தென்காசி
கார்த்திகை 27

என் கண்ணு சுந்தரிக்கு ஆசீர்வாதம். இரண்டு உயிருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் உலகம்மன் சந்நிதியில் நிற்கிறேன். ஆமாம், கோயிலுக்குப் போகிறேன்.

நீ சொன்னபடி பாதிக் கடிதத்தில் எழுந்து போய் அவிழ்த்தேன். மீதியைச் சாயங்காலம்தான் படித்தேன். ஏன் உடனே எழுதவில்லை என்று கேட்பாய். எழுத நல்ல சமாசாரம் இல்லை. இனிமேல் உனக்கு எதையும் மறைப்பதில்லை என்பதால் சொல்கிறேன். அவிழ்த்துவிட்டும் அவன் போகவில்லை. எழுந்து நடப்பான், வாசல்படிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிடுவான். இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்து தூணடியில் உட்கார்ந்துவிடுவான். கயிறு இல்லை, ஆனாலும் அங்கேதான் நிற்கிறான். நான் படிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன், பொரி உருண்டையைக் காட்டினேன், வரவில்லை. ஒன்பது நாள். ஒன்பது நாளும் நான் சமையல் கட்டில் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். என் கையால் செய்ததுதானே.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டுச் சேவல் உள்ளே வந்து, அவன் தட்டிலிருந்த தோசையைக் கொத்திக்கொண்டு ஓடியது. இவன் ஒரு சத்தம் போட்டான் பார்! எழுந்து ஓடினான். நிற்கிற இடம் வந்தது. நிற்கவில்லை. படியைத் தாண்டி, தெருவில் குப்புற விழுந்தான். கீழுதடு கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. உன் அண்ணாச்சி, "ஏளா, புள்ள வாயில ரத்தம் வருது, என்னத்தச் சிரிக்க?" என்று என்னைப் பார்த்துக் கத்துகிறார். ஒன்றரை மாதத்தில் அவர் என்னிடம் பேசின முதல் வார்த்தை அது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. அவன் எழுந்து ரத்தத்தோடு சேவலைத் துரத்திக்கொண்டு கீழ்க்கோடிவரை போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் உடைந்தவை: இரண்டு ஊறுகாய்ச் சட்டி, உன் அண்ணாச்சியின் மூக்குக் கண்ணாடி. கீறல்களை எண்ணவில்லை. நேற்று நிற்கவைத்து அளக்கப் பார்த்தேன், நூலைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். ஆகையால் இந்தத் தடவை நூல் இல்லை.

பிரசவம் ஆனதும் தம்பியைத் தந்தி கொடுக்கச் சொல். மூன்று மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினால்

சுந்தரி, அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், பின்கதவு திறந்து கிடந்தது. தெருவே சேர்ந்து தேடிற்று. சொக்கம்மாள் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்பாக இருந்தால் இதை உனக்கு எழுதியிருக்கமாட்டேன்.

ஆள் கிடைத்துவிட்டான், கோயில் யானைப் பாகன்தான் தூக்கிவந்தார். சௌக்கியமாக இருக்கிறான், என் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்குகிறான். எங்கே கிடைத்தான் என்று மட்டும் கேட்காதே.

உன் மதினி
முத்துவடிவு